ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டியும் சிறுமூளைக் கட்டியும்

1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து மலைச்சரிவுகளில் ஆடு மேய்த்தவர்களுக்கு ஒரு விபரீதம் நேர்ந்துகொண்டிருந்தது. சில குட்டிகள் முகத்தின் நடுவே ஒரே ஒரு கண்ணோடு பிறந்தன. மூக்கு இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று கிடந்தது. மூளையைத் திறந்து பார்த்தால் அதுவும் வலது இடது என்று பிரியாமல் ஒரே உருண்டையாக இருந்தது. அப்படிப் பிறந்தவை பிழைக்கவில்லை. இன்னும் சில குட்டிகள் பிறக்கவே இல்லை. ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். அந்தக் கெடு கடந்து வாரக்கணக்காகியும் அவை தாயின் வயிற்றுக்குள்ளேயே பருத்துக்கொண்டு போயின.

அந்தத் தாமதத்துக்கான காரணமே தனிக்கட்டுரைக்குத் தாங்கும். ஆடுகளில் பிரசவ நேரத்தைக் குறிப்பது தாயல்ல, குட்டி. குட்டியின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து தொடங்கும் சமிக்ஞைதான் தாய்க்கு வலி எடுக்க வைக்கிறது. முகமும் மூளையும் கோணலான குட்டிகளில் அந்தச் சுரப்பியும் ஒழுங்காக உருவாகவில்லை. சமிக்ஞை கொடுக்க ஆளில்லை. சரி, நம் கதைக்கு வருவோம்.

முதலில் எழுந்த சந்தேகம் வம்சக் கோளாறு. அமெரிக்க வேளாண் துறைக்குத் தகவல் போனது. யூட்டா மாநிலத்தின் லோகனில், கால்நடைகளுக்கு நஞ்சாகும் செடிகளை ஆராயும் கூடம் ஒன்று அந்தத் துறைக்கு உண்டு. வேய்ன் பின்ஸ் தலைமையிலான குழு ஆடுகளை இனம் மாற்றிச் சேர்த்துப் பார்த்தது. வம்சத்தில் குற்றமில்லை என்று தெரிந்தது. அப்படியானால் மேய்ச்சலில்தான் ஏதோ இருக்க வேண்டும். லின் ஜேம்ஸ் என்ற விஞ்ஞானி, மந்தை போகும் இடமெல்லாம் கூடவே போய், மூன்று கோடைக் காலங்களை ஆடுகளோடு கழித்தார். எது எந்தச் செடியைக் கடிக்கிறது என்று பார்ப்பதே வேலை. ஆய்வு என்றால் வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும் என்று நினைப்பவர்கள் இந்த மனிதரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

குற்றவாளி அகப்பட்டது. மலையின் ஈரமான புல்வெளிகளில், மக்காச்சோளப் பயிரின் சாயலில் அகன்ற இலைகளோடு ஆளுயரம் வளரும் ஒரு செடி. அங்கே அதைக் கார்ன் லில்லி என்கிறார்கள். தாவரவியல் பெயர் வெராட்ரம் கலிஃபோர்னிகம். சினையாடு அதைத் தின்றால் குட்டிக்குக் கேடு. அதுவும் எப்போது தின்றாலும் அல்ல. சினை பிடித்த பதினான்காம் நாளையொட்டித் தின்றிருந்தால்தான் ஒற்றைக் கண். அந்தச் சமயத்தில் கரு கண்ணுக்குத் தெரிவதே கடினம். முகத்தையும் மூளையையும் இரு பக்கமாகப் பிரிக்கும் வேலை அப்போதுதான் அதற்குள் ஆரம்பமாகிறது. அந்த வேலை நடக்கும் நாளில் செடி வயிற்றுக்குள் போனால் பிரிவினை நடக்காது. முன்பின்னாகப் போனால் கேடு வேறு விதமாக இருக்கும், அல்லது இல்லாமலே போகும். தாய் ஆட்டுக்கோ முகம், மூளை எதற்கும் குறை வருவதில்லை. அதன் முகம் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டது.

மேய்ப்பர்களுக்குத் தீர்வு எளிதாகக் கிடைத்தது. கிடாயோடு சேர்த்த பிறகு சில வாரங்களுக்கு ஆடுகளை அந்தச் சரிவுப் பக்கம் விடாதே, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூடத்தின் வேதியியலாளர் ரிச்சர்ட் கீலர் அதோடு விடவில்லை. வேரையும் இலையையும் பிழிந்து, பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, ஒவ்வொரு துளியையும் சினையாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1960-களின் பிற்பகுதியில் நஞ்சைத் தனியே எடுத்தார். கிரேக்கப் புராணத்தில் வரும் ஒற்றைக்கண் அரக்கனான சைக்ளோப்ஸின் பெயரால் அதற்குச் சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். அணு அமைப்பில் அது கொலஸ்ட்ராலுக்குத் தூரத்து உறவு. அது எப்படி ஒரு கண்ணை உண்டாக்குகிறது என்று யாருக்கும் புரியவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகள், மாட்டுக்காரர்களும் ஆட்டுக்காரர்களும் தவிர வேறு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு நஞ்சாகவே அது இருந்தது.

இதற்கிடையில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வேறு இருவர் ஈக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்டியான நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷவுஸும் பழ ஈக்களின் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சிதைத்து, புழுவின் உடல் எங்கே தடம் புரள்கிறது என்று ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். ஒரு மரபணு கெட்டபோது, புழுவின் உடலில் வரிவரியாக இடைவெளி விட்டு இருக்க வேண்டிய நுண்முட்கள் இடைவெளியே இல்லாமல் உடல் முழுக்க முளைத்தன. குட்டையான, முள் போர்த்திய உருவம். ‘ஹெட்ஜ்ஹாக்’ என்று பெயரிட்டார்கள். நம் தென்மாவட்டத்துக் கரட்டுக் காடுகளிலும் இருக்கிறதே, அந்த முள்ளெலிதான். 1980-இல் வெளியான அந்த ஆய்வுக்கு 1995-இல் எட்வர்ட் லூயிஸோடு சேர்த்து நோபல் பரிசு வந்தது.

முதுகெலும்புள்ள விலங்குகளில் இதே மரபணுவின் உறவுகளைத் தேடியபோது மூன்று கிடைத்தன. இரண்டுக்கு உண்மையான முள்ளெலி இனங்களின் பெயரைச் சூட்டி டெசர்ட் ஹெட்ஜ்ஹாக், இந்தியன் ஹெட்ஜ்ஹாக் என்றார்கள். மூன்றாவதற்கு வீடியோ விளையாட்டில் ஓடும் நீல நிற முள்ளெலியின் பெயரைச் சூட்டி சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்றார்கள். ஆய்வுக்கூடத்தில் அது சிரிப்புக்குரிய விஷயம். குழந்தையின் மூளை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கும் பெற்றோரிடம் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய மருத்துவருக்குச் சிரிப்பு வராது. இப்படி மரபணுக்களுக்கு விளையாட்டாகப் பெயர் வைக்கும் பழக்கத்தைப் பல மருத்துவர்கள் கண்டித்ததில் நியாயம் இருக்கிறது.

சோனிக் ஹெட்ஜ்ஹாக் செய்யும் வேலை மலைக்க வைப்பது. கையில் கட்டைவிரல் எந்தப் பக்கம், சுண்டுவிரல் எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதிலும், முதுகுத்தண்டில் எந்த நரம்பு எங்கே அமர வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்குண்டு. மூளையும் முகமும் நடுக்கோட்டில் பிரிவதும் அதன் ஆணைப்படியே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் பீச்சியின் குழு 1996-இல் இந்த மரபணுவே இல்லாத சுண்டெலிக் கருக்களை உருவாக்கியது. பார்த்தால், ஒற்றைக் கண்!

ஐடஹோ குட்டிகளின் பழைய படங்களுக்கும் இந்தச் சுண்டெலிகளுக்கும் இருந்த ஒற்றுமையைத் தவறவிட முடியாது. பீச்சி குழு சைக்ளோபமைனைக் கையில் எடுத்தது. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதம் தன் வாலில் ஒரு கொலஸ்ட்ராலை ஒட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறது என்று அதே குழு கண்டுபிடித்திருந்தது. சைக்ளோபமைனோ கொலஸ்ட்ராலின் சாயல் கொண்டது. ஆகவே புரதம் தயாராகும் இடத்தில் அது குழப்பம் செய்கிறது என்பது அவர்களின் ஊகம். சோதித்ததில் ஊகம் பொய்த்தது. இந்தப் புரதம் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி. அது ஒழுங்காகத் தயாராகிறது, ஒழுங்காகவே அனுப்பப்படுகிறது. பெறும் செல்தான் செவிடாகிவிடுகிறது. 1998-இல் இதை வெளியிட்டார்கள். சைக்ளோபமைன் ஹெட்ஜ்ஹாக் சேதியை மட்டும் குறிபார்த்து அடைக்கும் ஒரு கருவி என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். கருவி கிடைத்தால் அதை எங்கே பயன்படுத்தலாம் என்ற கேள்வி தானாக வரும்.

கேள்விக்கு விடை வேறொரு மூலையில் தயாராகிக்கொண்டிருந்தது. கார்லின் நோய்த்தொகுப்பு என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. இளமையிலேயே தோலில் புற்றுக்கட்டிகள் வந்துகொண்டே இருக்கும். அந்தக் குடும்பங்களில் சில குழந்தைகளுக்குச் சின்ன வயதில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியும் வரும். 1996-இல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டார்கள்: ஈக்களில் ‘பேட்ச்டு’ என்று முன்பே அறிந்திருந்த அதே மரபணு. மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் மேத்யூ ஸ்காட்டின் குழு, இந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று கெட்ட சுண்டெலிகளை வளர்த்தது. அவற்றில் சிலவற்றுக்குச் சிறுமூளையில் கட்டி வந்தது.

பேட்ச்டு என்ன செய்கிறது? வயலுக்குப் போகும் வாய்க்காலில் செருகிய மடைப்பலகையைப் போல அது செல்லின் மேல்தோலில் நிற்கிறது. ஸ்மூத்தன்ட் என்ற இன்னொரு புரதத்தை எழவிடாமல் அடக்கி வைப்பதே அதன் வேலை. சோனிக் ஹெட்ஜ்ஹாக் வந்து ஒட்டினால் பலகை விலகும். ஸ்மூத்தன்ட் விழித்தெழும், அதன் தூண்டலில் க்ளை என்ற புரதங்கள் உட்கருவுக்குள் பாய்ந்து, செல்லைப் பெருகச் சொல்லும் மரபணுக்களை முடுக்கிவிடும். சேதி நின்றால் பலகை மறுபடி இறங்கும். பலகையே உடைந்துவிட்டால்? சேதி வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இது ஏன் குறிப்பாகச் சிறுமூளையில் போய் முடிகிறது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ஆச்சரியமான இடம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. அவற்றில் 6,900 கோடி, பின்மண்டையில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சிறுமூளையில்தான். பெரும்பாலானவை துகள் நியூரான்கள் எனப்படும் பொடிசுகள். இத்தனை கோடியை உண்டாக்க ஒன்பது மாதம் போதாது. பிறந்த பிறகும் வேலை தொடர்கிறது. குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, தத்தித் தத்தி நடக்கப் பழகும் அதே மாதங்களில் சிறுமூளையின் வெளித்தோலில் முன்னோடிச் செல்கள் இரட்டித்துக்கொண்டிருக்கின்றன. இரட்டிக்கச் சொல்வது யார்? அடியிலே இருக்கும் பர்கின்ஜி செல்கள். எதைக் கொண்டு சொல்கின்றன? சோனிக் ஹெட்ஜ்ஹாக்கைக் கொண்டு. போதும் என்றானதும் முன்னோடிகள் பெருகுவதை விட்டு உள்ளே இறங்கி நியூரான்களாக அமர வேண்டும். ஏதோ ஒரு செல்லில் பேட்ச்டு உடைந்திருந்தால் அதற்குப் ‘போதும்’ என்பது கேட்காது.

முதியவர்களின் புற்றுநோயில் புகைக்கும் வெயிலுக்கும், நெடுநாள் தேய்மானத்துக்கும் பங்குண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன தேய்மானம்? மூளையைக் கட்டும் வேலை நடக்கிறது. முடிய வேண்டிய நேரத்தில் முடியவில்லை. மெடுல்லோபிளாஸ்டோமாவின் ஒரு பெரும்பிரிவு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இந்த ஹெட்ஜ்ஹாக் வகை. மற்றவை வேறு வழிகளில் வருபவை. நுண்ணோக்கியில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்ததால் வெகுகாலம் ஒரே நோயாக எண்ணப்பட்டவை இன்று நான்கு முக்கியப் பிரிவுகளாக அறியப்படுகின்றன.

இந்தக் கட்டிக்குச் சிகிச்சை இல்லாமல் இல்லை. அறுவை செய்து எடுப்பார்கள், பிறகு மூளைக்கும் முதுகுத்தண்டு நெடுகவும் கதிர்வீச்சு, கூடவே கீமோதெரபி. கட்டியின் செல்கள் மூளையைச் சுற்றி ஓடும் தண்டுவட நீரில் மிதந்து பரவும் என்பதால் இத்தனை இடத்துக்கும் கதிர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. நல்ல மருத்துவமனைகளில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். விலைதான் பெரிது. வளரும் மூளையில் கதிர் பட்டால் படிப்பும் நினைவும் மந்தமாகலாம்; ஹார்மோன்கள் குறையலாம்; மருந்தால் காது மந்தமாகலாம்; முதுகெலும்பு முழு உயரம் எட்டாமல் போகலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கதிரே வேண்டாம் என்று மருத்துவர்கள் தவிர்க்கப் பார்ப்பது இதனால்தான். கட்டியின் மடையை மட்டும் அடைக்கிற ஒரு மருந்து கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சைக்ளோபமைன் நேரே ஸ்மூத்தன்ட் புரதத்தில் போய் ஒட்டி அதை முடக்குகிறது என்று பீச்சியின் கூடம் காட்டியது. பேட்ச்டு உடைந்திருந்தாலும் கவலையில்லை. அதற்கு அடுத்த படியிலேயே தண்ணீர் நின்றுவிடும். 2002-இல் ஹாப்கின்ஸ் குழு, மெடுல்லோபிளாஸ்டோமா வளரும் சுண்டெலிகளுக்கு இதைக் கொடுத்தபோது கட்டிகள் சுருங்கின. அறுவை மேசையிலிருந்து நேரே எடுத்து வந்த மனிதக் கட்டிச் செல்களும் மடிந்தன. ஆட்டுக்குட்டியின் முகத்தை அழித்த நஞ்சு, குழந்தையின் கட்டியை அழிக்கும் போலிருந்தது.

செடியிலிருந்து எடுத்த சைக்ளோபமைன் நேரடியாக மருந்தாகவில்லை. நீரில் கரைய மறுக்கும். வயிற்று அமிலத்தில் சிதையும். மலைச்செடியைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் குறி எதுவென்று அது காட்டிக்கொடுத்துவிட்டது. மருந்து நிறுவனங்கள் ஸ்மூத்தன்ட்டில் ஒட்டக்கூடிய வேறு மூலக்கூறுகளைத் தேடிப் பிடித்தன. முதலில் கரையேறியது விஸ்மோடெகிப். 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. எதற்கு என்றால், முற்றிய தோல் புற்றுநோய் ஒன்றுக்கு. அந்த வகைத் தோல் கட்டிகளிலும் பெரும்பாலும் இதே பலகைதான் உடைந்திருக்கிறது. மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை உண்டு: கர்ப்பிணிகளிடம் இந்த மருந்து போகவே கூடாது. அதைப் படிக்கும்போது ஐடஹோ மலைச்சரிவு நினைவுக்கு வராமல் இருக்காது. இந்த மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கு முடி கொட்டுகிறது, நாக்கில் ருசி போகிறது. முடிவேரும் சுவை மொட்டும் ஆயுள் முழுக்கப் புதுப்பித்துக்கொள்பவை. அங்கே ஹெட்ஜ்ஹாக் இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறது.

இந்த அனுமதிக்கு முன்பே மூளைக்கட்டியில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். உடலெங்கும் பரவிய மெடுல்லோபிளாஸ்டோமாவோடு, மற்ற சிகிச்சைகள் எல்லாம் தோற்றுப்போன நிலையில், 26 வயது இளைஞர் ஒருவருக்கு இந்த மருந்து தரப்பட்டது. சுமார் இரண்டு மாதத்தில் எடுத்த ஸ்கேனில், எலும்புகளில் கரும்புள்ளிகளாக அப்பியிருந்த கட்டிகள் ஏறக்குறைய காணாமல் போயிருந்தன. 2009-இல் அந்த இரு படங்களும் அருகருகே அச்சானபோது மருத்துவ உலகம் வியந்தது. ஆனால் மூன்றாம் மாதத்திலேயே நோய் திரும்பியிருந்தது. திரும்பிய கட்டியை ஆராய்ந்தார்கள். ஸ்மூத்தன்ட் புரதச் சங்கிலியின் 473-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் மருந்துக்குப் பிடிமானம் இல்லை. ஸ்மூத்தன்ட் வழக்கம்போல வேலை செய்தது.

இன்னொரு சிக்கல் வயதில் இருந்தது. ஹெட்ஜ்ஹாக் வகைக் கட்டிகளின் மரபணுக்களைப் பெரிய அளவில் படித்து 2014-இல் வெளியிட்டபோது, வயதுக்கு வயது உடைப்பு வேறு இடத்தில் என்று தெரிந்தது. பெரியவர்களில் பெரும்பாலும் பேட்ச்டு அல்லது ஸ்மூத்தன்ட்டில் கோளாறு; மருந்து அங்கே பிடிக்கும். கைக்குழந்தைகளில் கணிசமானோருக்கு சூஃபு என்ற, வாய்க்காலில் இன்னும் கீழே இருக்கும் இடத்தில் உடைப்பு. கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளில் பலருக்குக் கடைமடையான க்ளை புரதமே பெருத்திருக்கிறது. மேல்மடையை அடைத்து என்ன பயன்? குழந்தைகளின் கட்டிக்காகத் தேடிய மருந்து பெரியவர்களுக்கே அதிகம் பொருந்தி வந்தது.

சரி, பேட்ச்டு உடைந்த குழந்தைகளுக்காவது கொடுக்கலாமே? கொடுத்தார்கள். கட்டி கேட்கவும் செய்தது. ஆனால் எலும்பு குறுக்கே வந்தது. குழந்தையின் கைகால் எலும்புகளின் முனையருகே வளர்தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. உயரம் கூடுவது அதனால்தான். அதை மூடிவிடாமல் திறந்து வைத்திருப்பது இந்தியன் ஹெட்ஜ்ஹாக். அதன் சேதியும் இதே ஸ்மூத்தன்ட் வழியாகத்தான் செல்லுக்குள் போகிறது. மருந்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. 2008-இலேயே டாம் கர்ரன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் எச்சரித்திருந்தார்கள்: குட்டிச் சுண்டெலிகளுக்குச் சில நாட்கள் மட்டும் இந்த வகை மருந்து கொடுத்து நிறுத்தினாலும் எலும்புக் கேடு நிரந்தரமானது. 2017-இல் மெம்ஃபிஸின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் தங்கள் சிகிச்சையிலிருந்த மூன்று குழந்தைகளின் நிலையை வெளியிட்டார்கள். வளர்தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொண்டிருந்தன. மருந்தை நிறுத்திய பிறகும் அவை திறக்கவில்லை.

பதினான்காம் நாள் ஆட்டுக் கருவுக்கு நேர்ந்ததும் இந்தக் குழந்தைகளின் முழங்காலுக்கு நேர்ந்ததும் ஒரே விஷயம்தான். உடல் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கட்டும் ஆணை நின்றுபோனது. சைக்ளோபமைன் வகை மருந்துகளில் நஞ்சுப் பகுதி, மருந்துப் பகுதி என்று தனித்தனியாக ஏதும் இல்லை. இரண்டும் ஒரே செயல். உயிர் எந்த நாளில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது. இதைச் சிலர் பக்கவிளைவு என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதாது என்று படுகிறது. பக்கத்தில் நடப்பது அல்லவே இது, மருந்தின் நேர்வேலை.

அதனால் மருத்துவர்கள் வரம்பு கட்டினார்கள். செயின்ட் ஜூடின் பெரிய மெடுல்லோபிளாஸ்டோமா ஆய்வுத் திட்டத்தில் எலும்பு வளர்ச்சி முடிந்த ஹெட்ஜ்ஹாக் வகை நோயாளிகளுக்கு மட்டும், மற்ற சிகிச்சைகளுக்குப் பின் விஸ்மோடெகிப் என்று வைத்தார்கள். பிறந்த தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. வளர்தட்டு மூடிவிட்டதா என்பதே கணக்கு.

வளர்தட்டு மூடாத குழந்தைகளுக்கு வழி தேடுபவர்கள் இப்போது மருந்தை மாற்றாமல் அதன் வாகனத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். நியூயார்க்கில் டேனியல் ஹெல்லர் குழுவினர் பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஃபியூகாய்டன் என்ற சர்க்கரையால் நுண்துகள்கள் செய்து, அவற்றுக்குள் விஸ்மோடெகிப்பை அடைத்தார்கள். கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் பி-செலக்டின் என்ற புரதம் இருக்கிறது. சிறிதளவு கதிர்வீச்சு கொடுத்தால் அது இன்னும் கூடும். ஃபியூகாய்டன் அதைப் பிடித்துக்கொண்டு, மூளைக்குள் எதையும் எளிதில் விடாத அந்தச் சுவரைத் தாண்டி மருந்தை உள்ளே சேர்த்துவிடுகிறது. கட்டியில் மருந்து குவிவதால் மொத்த அளவைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. 2023-இல் வெளியான அந்த ஆய்வில் சுண்டெலிகளின் கட்டி கட்டுப்பட்டது; எலும்புகளுக்கு வரும் கேடும் குறைந்தது. சுண்டெலிகளில்தான். குழந்தைகளுக்கு இன்னும் வரவில்லை.